எந்தப் பட்டியல், எந்தப் பதிவு? வணிக அதிகாரம் குறித்த கேள்வி பதில்

வரி வழக்குகளில் 30 ஆண்டுகள் வாதாடியிருக்கிறேன். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியத்துக்கா, மாநிலத்துக்கா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம் மாநில அரசுக்கு, எல்லை தாண்டினால் ஒன்றிய அரசுக்கு என்று படித்தேன். அவ்வளவுதானா? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

அது வாசற்படி மட்டும்தான் அம்மா. யார் எதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்பதை அரசமைப்பின் ஏழாவது அட்டவணை ஒன்றியம், மாநிலம், இருவருக்கும் பொது என்று மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. பட்டியலில் எண்ணிட்ட ஒவ்வொரு பொருளும் ஒரு 'பதிவு'. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஒன்றியப் பட்டியலின் 42ஆவது பதிவில் இருக்கிறது. மாநிலத்துக்குள் நடப்பது மாநிலப் பட்டியலின் 26ஆவது பதிவு. ஆனால் அந்த 26இன் வாலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள்: பொதுப் பட்டியலின் 33ஆவது பதிவுக்கு உட்பட்டுத்தான் அது செல்லும். உணவுப் பொருள்கள், எண்ணெய் வித்துகள், கால்நடைத் தீவனம், கச்சாப் பருத்தி, கச்சாச் சணல் ஆகியவை 1954இல் மூன்றாவது திருத்தத்தின் வழியாக அந்த 33க்குள் வந்தன. பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்கள் மோதினால் பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆகவே யார் பெரியவர் என்று கேட்பதற்கு முன், எந்தப் பொருள், எந்தப் பதிவு என்று கேளுங்கள். வழக்கு வெல்வதும் தோற்பதும் அங்கேதான்.

அப்படியானால் 2020 வேளாண் சட்டங்கள் செல்லுபடியானவையா? வேளாண்மை மாநிலத்துக்கு உரியதுதானே? (நெல் விவசாயி, மன்னார்குடி)

வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆவது பதிவு, சந்தைகள் 28ஆவது பதிவு. ஒன்றிய அரசு நான் மேலே சொன்ன 33ஐப் பிடித்துக்கொண்டது. ஒழுங்குமுறைச் சந்தை வளாகத்துக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கு மாநிலம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டங்களில் ஒன்று. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றமே அவற்றைத் திரும்பப் பெற்றது. அதனால் உங்கள் கேள்விக்கு நீதிமன்றத்தின் பதில் கிடைக்காமலே போய்விட்டது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. நெல் உணவுப் பொருள் என்பதற்காக, அது விற்கும் சந்தையையும் சேர்த்து 33 விழுங்கிவிடலாம் என்றால், 28ஆவது பதிவை எதற்காக எழுதினார்கள்?

ஜி.எஸ்.டி.க்கு முன்பு சில மாநிலங்களுக்கு மஞ்சள் அனுப்பினால் நுழைவு வரி கட்ட வேண்டியிருந்தது. வணிகம் தடையற்றது என்று அரசமைப்பு சொல்கிறதாமே? (மஞ்சள் வியாபாரி, ஈரோடு)

301ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதை முதலில் உரசிப் பார்த்தது தேயிலை. அசாம் வழியாகக் கல்கத்தாவுக்குச் செல்லும் தேயிலைக்கு, சாலையிலும் ஆற்றிலும் கொண்டுபோவதற்காகவே அசாம் அரசு ஒரு வரி போட்டது. 1960 செப்டம்பரில் அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சரக்கின் நடமாட்டத்தை நேரடியாகத் தடுக்கும் வரியும் தடைதான் என்பது தீர்ப்பு. 1962இல் ராஜஸ்தான் மோட்டார் வாகன வரி வழக்கில், சாலை போன்ற வசதிகளுக்கு ஈடாக வாங்கும் வரி தடையாகாது என்று ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, வாங்கிய வரி எவ்வளவு, செய்துகொடுத்த வசதி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே எங்களுக்கு வேலையாக இருந்தது.

2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 7:2 என்ற பெரும்பான்மையில் அந்தக் கணக்கை மூடியது. வரி என்பதாலேயே அது தடையாகிவிடாது. வெளியூர்ச் சரக்குக்கும் உள்ளூர்ச் சரக்குக்கும் வேறுபாடு காட்டினால்தான் குற்றம் என்றது. ஆக, அந்த மாநிலம் தன் மஞ்சளுக்கும் உங்கள் மஞ்சளுக்கும் ஒரே சுமையை வைத்திருந்தால் உங்களுக்கு வழக்கு இல்லை. நுழைவு வரிக்கு இடம் தந்த மாநிலப் பட்டியலின் 52ஆவது பதிவையே ஜி.எஸ்.டி.க்கான 101ஆவது திருத்தம் நீக்கிவிட்டது என்பதால், இனி அந்தத் தொல்லை உங்களுக்கு வராது.

ஜி.எஸ்.டி. மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மாநிலங்களுக்குத்தானே? பிறகு ஏன் உரிமை போய்விட்டது என்கிறார்கள்? (கணக்காளர், திருப்பூர்)

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்றிய, மாநில நிதியமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் இடம் அந்த மன்றம். கணக்காளரான நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றிய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு. அது தலையசைக்காவிட்டால் எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கைதூக்கினாலும் தீர்மானம் நிறைவேறாது. மாநிலங்களுக்குள் கோவாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே எடை. வாக்கெடுப்பும் அபூர்வம்: முதன்முதலாக நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டு வரிக்காக.

நாம் எதைக் கொடுத்தோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பொது விற்பனை வரியை 1939இலேயே கொண்டுவந்தது சென்னை மாகாணம். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அரசு கண்ட வழி அது. தன் செலவுக்குத் தானே வழி தேடிக்கொள்ளும் அந்த உரிமையின் பெரும்பகுதி 2017 ஜூலை 1 அன்று மன்றத்தின் மேசைக்குப் போய்விட்டது. சோதனைச் சாவடிகள் ஒழிந்தன, லாரிகள் வேகமாக ஓடுகின்றன. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது.

2022 மே மாதம், கடல்வழிச் சரக்குக் கட்டணத்தின் மீதான வரி வழக்கில், மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது, மதித்துப் பரிசீலிக்க வேண்டியவை மட்டுமே என்றது உச்ச நீதிமன்றம். மாநில நிதியமைச்சர்கள் மன்றத்துக்குப் போகும்போது கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

எங்கள் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிச் சிமென்ட் ஆலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். மாநிலம் இதற்கு வரி போடலாமா? (ஆசிரியர், அரியலூர்)

போடலாம். அதற்கு 35 ஆண்டுகள் ஆயின! சுரங்க உரிமத் தொகையின் (கனிமம் வெட்டுபவர் கொடுக்கும் 'ராயல்டி') மீது தமிழ்நாடு விதித்த மேல்வரியை, 1989இல் இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் ரத்து செய்தார்கள். உரிமத் தொகையே ஒரு வரி என்று தீர்ப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது அச்சுப்பிழை, 'உரிமத் தொகையின் மீதான மேல்வரி ஒரு வரி' என்றே இருந்திருக்க வேண்டும் என்றது. விடுபட்ட ஒரு சொல்லுக்காகப் பல மாநிலங்களின் வருவாய் தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் 8:1 என்ற பெரும்பான்மையில், உரிமத் தொகை வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்தின் மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்தார்கள். தமிழ்நாடும் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி நாகரத்னா. மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரி விதித்தால் கனிம வளர்ச்சி சீர்குலையும் என்பது அவர் கவலை. அதையும் படியுங்கள். எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் தள்ளிவிடக்கூடிய கவலையும் அல்ல.

பெட்ரோலை ஏன் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரக் கூடாது? (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்துக்கும் மன்றம் தேதி குறிக்க வேண்டும், இன்னும் குறிக்கவில்லை. மனிதர் குடிக்கும் மதுவோ ஜி.எஸ்.டி.யின் வரையறைக்கே வெளியே இருக்கிறது. மாநிலங்கள் தாமாகவே விற்பனை வரி விதிக்க எஞ்சியிருப்பவை இவைதான். அதே எரிபொருளின் மீது ஒன்றிய அரசு வசூலிக்கும் செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான மேல்வரி), கூடுதல் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஒன்றிய வரிகளை மாநிலங்களோடு பங்கிடச் சொல்லும் அரசமைப்பின் 270ஆவது பிரிவு அவற்றை வெளியே வைத்திருக்கிறது. உங்கள் சுமை எனக்குப் புரிகிறது தம்பி. முதலில் அந்தச் செஸ்ஸைப் பங்கிடச் சம்மதிக்கட்டும். அன்றைக்குப் பெட்ரோலை மன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி நானும் எழுதுவேன்.