சோலார் பெட்டியில் சாதாரண எம்சிபி போடலாமா?

கேள்வி: மாடியில் பத்து சோலார் பேனல், எல்லாம் தொடராக இணைத்த ஒரே வரிசை (ஸ்ட்ரிங்). டிசி பெட்டியில் இருக்கும் எம்சிபியை (மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) நண்பகலில் ஆஃப் செய்தேன். ‘சர்ர்’ என்று சத்தம், கருகல் வாடை. “எம்சிபி எல்லாம் ஒண்ணுதான் சார்” என்கிறார் பொருத்தியவர். மாற்ற வேண்டுமா? - வாசகர், திருச்சி

பதில்: மாற்றுங்கள். அதுவரை வெயில் நேரத்தில் அதைத் தொடாதீர்கள். கட்டாயம் ஆஃப் செய்ய வேண்டுமென்றால் முதலில் இன்வர்ட்டரை நிறுத்துங்கள். மின்சாரம் ஓடாதபோது பிரித்தால் ஆர்க், அதாவது முனைகளுக்கு நடுவே காற்றில் பாயும் மின்தீ, வராது.

எம்சிபி பிரியும்போது உள்ளே பல ஆயிரம் டிகிரி சூட்டில் ஆர்க் பிறக்கிறது. வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் அது சுலபமாக அணைந்துவிடும். ஒரே திசையில் ஓடும் சோலார் டிசியில் அந்தச் சலுகை கிடையாது. ஆர்க்கை நகர்த்தி, உள்ளே அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்குள் ஏற்றித் துண்டுதுண்டாக்க வேண்டும். ஒரு துண்டு 20, 25 வோல்ட் விழுங்கும். உங்கள் ஸ்ட்ரிங்கில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எத்தனை தகடு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

முகப்பில் கட்டத்துக்குள் 10000 என்று இருப்பதைக் காட்டி, “பத்தாயிரம் ஆம்பியரையே உடைக்கும்” என்பார்கள். ஏமாறாதீர்கள். அது ஏசிக்குச் சோதித்த கணக்கு. ஆர்க்கைத் தள்ளுவது அந்த மின்சாரமே உண்டாக்கும் காந்த விசை. ஷார்ட் சர்க்யூட்டில் ஆர்க் சில மில்லி நொடியில் தகடுகளுக்குள் ஓடிவிடும். உங்கள் ஸ்ட்ரிங்கில் ஓடும் பத்துப் பதின்மூன்று ஆம்பியருக்கு அந்த வேகம் வராது. அதிவேக கேமராவில் எடுத்த படமானாலும் கணினியில் போட்டுப் பார்த்த மாதிரியானாலும் இதையே காட்டுகிறது: மின்சாரம் குறைந்தால் ஆர்க் பிறந்த இடத்திலேயே நின்று முனைகளைத் தின்னும். நீங்கள் முகர்ந்தது அதைத்தான்.

சரி, டிசி எம்சிபி வாங்கினால் போதுமா? போதாது. பலவற்றில் ஆர்க்கைத் தள்ள நிரந்தர காந்தம் வைத்திருப்பார்கள். பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அந்த வகை. பிளஸ், மைனஸை இடம் மாற்றிப் பூட்டினால் காந்தம் ஆர்க்கைத் தகடுகளை விட்டு எதிர்ப்பக்கம் தள்ளும், எம்சிபியே எரியும். சரியாகப் பூட்டினாலும், பின்னால் இன்னொரு ஸ்ட்ரிங்கை இணையாகச் சேர்த்தால் பழுதின்போது மின்சாரம் தலைகீழாக ஓடலாம். அப்போதும் இதே கதைதான். எனவே குறி இல்லாத, இரு திசைக்கும் பொருந்தும் வகையாகக் கேளுங்கள். ‘டிசி’ என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியதை வாங்காதீர்கள். எத்தனை வோல்ட் டிசி, அதற்கு எத்தனை போல் (எம்சிபிக்குள் இருக்கும் தனித்தனி சுவிட்ச்) தொடராக இணைக்க வேண்டும் என்று உடலிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். குளிர்ந்த காலையில் பேனல் வோல்ட்டேஜ் கூடும், அதையும் சேர்த்தே பாருங்கள்.

ஆய்வுக்கு வருபவர்கள் இதைப் பிடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். மீட்டரைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். சப்-கான்ட்ராக்டரும் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போயிருப்பார். பில்லில் எம்சிபியின் மாடல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.