மறதியை ஆராயும் வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். மறதி நோய் வந்த அப்பத்தாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அதைப் பார்த்தே வளர்ந்ததால் அல்சைமர் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். மருத்துவம் படிக்காமல் அது முடியுமா? அங்கே என்னதான் செய்வார்கள்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: முடியும். இத்துறையில் நம் நாட்டின் முன்னோடிகளுள் ஒருவரான விஜயலட்சுமி ரவீந்திரநாத் மருத்துவர் அல்லர். 1981இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் சேர்ந்து, மருந்துகளை மூளை தனக்குள்ளேயே எவ்வாறு சிதைக்கிறது என்பதை ஆராய்ந்தார். பின்னர் அரியானாவின் மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநரானார். ஆகவே, உங்கள் மகள் எம்.எஸ்சி.யிலேயே ‘அல்சைமர்’ என்ற பெயரைத் தேட வேண்டியதில்லை. உயிர்வேதியியலிலோ மரபியலிலோ நல்ல அடித்தளம் இருந்தால் போதும். அதன்பின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் பிஎச்.டி. செய்யலாம்.

என்ன செய்வார்கள் என்ற கேள்விதான் முக்கியமானது. அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படியத் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே மறதி வெளியே தெரிகிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் என்னும் மருந்து அந்தப் படிவை நீக்கினாலும், நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறதேயன்றி இழந்த நினைவை மீட்பதில்லை. அதனால் ஆய்வாளர்கள் இன்று, நோய் வராதவர்களைத் தேடிப் போகிறார்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில், 45 வயதைக் கடந்த 10,000 பேரைச் சேர்த்து, இரத்தப் பரிசோதனை, மூளைப் படம், நினைவுத் தேர்வு எனப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வொன்றைப் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நினைவுத் தேர்வு என்பதும் எளிதன்று. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் ஆங்கிலத் தேதியைக் கேட்பதும் பள்ளிக்கூடம் போனவர்களுக்கென்று அமைந்தவை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மனக்கணக்கிலேயே வியாபாரம் செய்து பழகிய, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் அவற்றைக் கேட்டு, பதில் வராததை நோய் என்று எழுதிவிட்டால் பிழை யாருடையது? அழகர் ஆற்றில் இறங்கியாயிற்றா, ஆடி பிறந்துவிட்டதா என்று அவருடைய காலக்கணக்கில் கேட்க வேண்டும். அரியானாவின் பல்லப்கரில் இவ்வகையில், எழுத்தறிவில்லாதவர்களுக்கு ஏற்ற வினாக்கள் முன்பே உருவாக்கப்பட்டுள்ளன.

நம் ஊருக்கே உரிய ஆய்வுப் பொருளும் உண்டு. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு மொழி பேசுவோருக்கு மறதி நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவில்லை. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மதுரையைவிட, இதைச் சோதிக்கப் பொருத்தமான ஊர் எது என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அமுக்கிராங்கிழங்குச் சூரணம் அல்சைமரைக் குணமாக்கும் என்று படித்தேன். மாமனாருக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: நீங்கள் படித்தது, மேலே சொன்ன ரவீந்திரநாத் குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கலாம். அமுக்கிரா வேரின் சாறு கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டி, அதன் வழியே மூளையின் அமிலாய்டைக் குறைத்ததாக அவர்கள் கண்டார்கள். ஆனால் அது எலிகளில். எலியில் பலித்து மனிதரில் தோற்ற அல்சைமர் மருந்துகள் ஏராளம். அமுக்கிராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி அவற்றைச் சோதித்துப் பாருங்கள். சூரணத்தை ஏற்கெனவே கொடுத்துவருகிறீர்கள் என்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.