கூப்பிட்டால் வர ஓர் ஆள்

எனக்கு 58 வயது. ஒரு காலத்தில் நண்பர்கள் பட்டாளமே இருந்தது. இப்போது நாலு பேர்தான் மிச்சம். கவலைப்பட வேண்டுமா?

அந்த நாலு பேர் யார் என்பதைப் பொறுத்தது. வயது ஏற ஏற நட்பு வட்டம் சுருங்குவது இயல்புதான். உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இனி இருக்கும் காலம் குறைவு என்று தோன்றத் தொடங்கியதும், ஒப்புக்குப் பழகியவர்களை நாமே கழித்துவிட்டு மனசுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்கிறார். நடுராத்திரியில் காய்ச்சல் கொதித்தால் கூச்சப்படாமல் யாரை எழுப்புவீர்கள்? பெயர் சட்டென்று வந்தால் சரி. யோசிக்க வேண்டியிருந்தால்தான் கவலை.

தனிமை ஆயுளைக் குறைக்கும் என்பது மிகைதானே? உடம்புக்கு முடியாதவர்கள்தானே ஒதுங்கிப் போகிறார்கள்?

நல்ல சந்தேகம். இரண்டுமே நடக்கின்றன. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம். உறவுகள் பலமாக இருந்தவர்கள் ஆய்வுக்காலத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50% அதிகமாக இருந்தது. தொடக்கத்தில் உடல்நிலை எப்படி இருந்தது என்று பார்த்தபோதும் இந்த முடிவு பெரிதாக மாறவில்லை.

அதற்கு முன்பே, 1997இல், ஷெல்டன் கோஹன் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். நல்ல உடல்நிலையில் இருந்த 276 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் காத்திருந்தார். குடும்பம், நட்பு, வேலை, அக்கம்பக்கம் என்று பலவகை உறவுகள் உள்ளவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாக இருந்தது. மன அழுத்தம், தூக்கம், நோய் எதிர்ப்பு என்று காரணங்களை விளக்கலாம். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: "ஒரு வாரமாக இருமுகிறாய், போய் டாக்டரைப் பார்" என்று விரட்ட ஓர் ஆள் வேண்டும்.

எங்களுக்குத் திருமணமாகி 30 வருடம் ஆகிறது. தினமும் சண்டை. இது உடம்பையும் பாதிக்குமா?

எப்படிச் சண்டை போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, ஆறுகிற வேகத்தைப் பார்த்தது. ஒருவரையொருவர் வெறுப்போடு தாக்கிப் பேசியவர்களின் புண், மற்றவர்களின் புண் ஆறிய வேகத்தில் 60% அளவுக்குத்தான் ஆறியது. கருத்து வேறுபாடு இருக்கட்டும், ஏளனத்தை விடுங்கள். அடியோ மிரட்டலோ இருந்தால் அது வேறு விஷயம். அங்கே பாதுகாப்புதான் முதலில்.

அம்மா இறந்து நாலு மாதம். அப்பாவுக்கு 76 வயது. ஒரு வேலையும் வைக்காமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் ஒடுங்கிக்கொண்டே போகிறார்.

துணையை இழந்த முதல் ஆறு மாதம் கவனமாக இருக்க வேண்டிய காலம். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் மூன்றையும் கவனியுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்காதவர்கள் பேச்சிலிருந்து மெல்ல நழுவிவிடுவார்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

அப்புறம், "ஒரு வேலையும் வைக்காமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். ஸ்டெஃபனி பிரவுன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 423 முதிய தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். பிறருக்கு உதவியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உதவி பெற்றதால் மட்டும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவரால் முடிகிற, உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். ஒப்புக்குக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மறதி நோய் வந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் "உதவி வேண்டுமானால் சொல்" என்கிறார்கள். யாரும் வருவதில்லை.

அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. நீங்களும் "பரவாயில்லை" என்று சொல்லியிருப்பீர்கள். அடுத்த முறை நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை நாலிலிருந்து ஆறு வரை அம்மாவோடு இருக்க முடியுமா?" அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டு வேலை பார்க்காதீர்கள்.