பழைய பிரிட்டிஷ் நாணயங்கள்: விளிம்பைப் பார்த்த பிறகு விலையைக் கேளுங்கள்

லண்டனின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் நாணயங்களைச் சேகரித்து வருகிறேன். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படத்தை அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்று மட்டும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கையில் எடுத்துப் பார்க்காத காசுக்கு விலை சொல்வது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் செய்யும் தீங்கு.

ஐயா, நான் கல்லூரி மாணவன். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதில் தொடங்குவது? (கோவை)

பென்னியில் தொடங்குங்கள், தம்பி. 1860இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியதிலிருந்து 1971 பிப்ரவரி 15 அன்று பழைய கணக்குமுறை (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) ஒழியும் வரை அதே அளவு, அதே 9.4 கிராம், பின்புறம் பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவமான அதே பிரிட்டானியா. முன்புறத்தில் மட்டும் விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத் என்று முகங்கள் மாறிக்கொண்டே வரும். பெரும்பாலான ஆண்டுகள் மலிவாகவே கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் 'ஹெச்' என்ற சிறிய எழுத்து இருக்கும். பர்மிங்ஹாமின் ஹீட்டன் பட்டறையில் அடித்தவை அவை. 1918, 1919 பென்னிகள் சிலவற்றில் 'கே.என்.' இருந்தால் அது கிங்ஸ் நார்ட்டன் என்னும் வேறொரு தனியார் பட்டறை. இந்த எழுத்துகளைத் தேடித் தேடியே கண் பழகிவிடும்.

முதல் மாதத்துப் பணத்தில் காசு வாங்க வேண்டாம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வாங்குங்கள்.

தாத்தா பெட்டியில் கறுத்துப்போன செப்புக் காசுகள் இருக்கின்றன. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? வெள்ளிக்கு விபூதி போடலாமா? (மதுரை)

வேண்டாம், அம்மா. தயவுசெய்து வேண்டாம். எனக்கு வரும் கேள்விகளில் என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான். பாதிப் பேர் தேய்த்து முடித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

புளியின் அமிலம் அழுக்கோடு நிற்பதில்லை, உலோகத்தின் மேல்தோலையும் சேர்த்துக் கரைத்துவிடும். விபூதி வெள்ளிமீது மயிரிழைக் கீறல்களை விடும். விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தேய்க்கப்போகிறோம். காசு அப்படியல்ல. நூறு ஆண்டுகளாக மெல்ல மெல்லப் படிந்த பழுப்பு நிறமே அதன் சான்றிதழ். தேய்த்த பென்னி புதுச் செம்புபோல இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். பழகிய சேகரிப்பாளர் அதை மூன்றடி தூரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுவார்.

உங்கள் பெட்டியில் 1897 முதல் 1910கள் வரையிலான ஃபார்த்திங் (கால் பென்னி) இருந்தால் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அது அழுக்கால் கறுக்கவில்லை. ஃபார்த்திங்கும் தங்க அரை சவரனும் ஏறக்குறைய ஒரே அளவு. புது ஃபார்த்திங் மின்னும்போது மக்கள் ஏமாந்தார்கள் என்பதால், அரச நாணயச்சாலையே 1897 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அதைக் கறுப்பாக்கி வெளியிட்டது. அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் நாணயச்சாலை செய்த வேலையையே அழித்ததாகும்.

1819 ஆண்டு வெள்ளிக் கிரவுன் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். எப்படிச் சோதிப்பது? (சென்னை)

நானே இதில் அடிபட்டவன். சேகரிக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மழைக்கு ஒதுங்கிய கூடாரத்தில் இதே ஆண்டுக் கிரவுனை (ஐந்து ஷில்லிங் காசு) பார்த்தேன். புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி, பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கியது. "என் பாட்டியின் பெட்டியில் இருந்தது" என்றார் விற்றவர். நான் பாட்டியை நம்பினேன், காசைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 24 கிராம்கூட இல்லை. 28.28 இருந்திருக்க வேண்டும். பிறகுதான் விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் சாதாரண வரிகள்.

அசல் 1818, 1819, 1820 கிரவுன்களின் விளிம்பில் வரிகள் கிடையாது. புடைத்த எழுத்துகளில் 'டெகுஸ் எத் டூடாமென்' என்ற லத்தீன் வாசகம் ஓடும். 'அணியும் அதுவே, அரணும் அதுவே' என்பது பொருள். வெள்ளியைச் சுரண்டி எடுப்பவர்களைத் தடுக்கவே விளிம்பில் எழுதினார்கள் என்பதால் அரண். அதையடுத்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியாண்டு ரோம எண்ணில் இருக்கும். 1819 கிரவுன் என்றால் 59 அல்லது 60. போலி செய்பவர்கள் முகத்தையும் குதிரையையும் அழகாக நகலெடுக்கிறார்கள், விளிம்புக்கு அவ்வளவு பாடுபடுவதில்லை. அதனால்தான் விளிம்புப் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

லென்ஸில் பிஸ்ட்ரூச்சியின் பெயரையும் தேடுங்கள். அசலில் அந்தப் பொடி எழுத்துகள் கூர்மையாக நிற்கும். வார்ப்பில் எடுத்த போலியில் சோப்பில் எழுதியதுபோல மழுங்கியிருக்கும், எழுத்துகளுக்கு இடையே சிறு குமிழிகளும் தெரியும்.

இன்னொரு சோதனை காசைத் துளியும் கெடுக்காது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஸ்டெர்லிங் (நூற்றுக்கு 92.5 பங்கு) வெள்ளிக் கிரவுனுக்குத் தராசு சுமார் 2.7 கிராம் காட்ட வேண்டும். எடை சரியாக இருந்து இங்கே 3.2 காட்டினால் அது வெள்ளியல்ல, செம்பும் நிக்கலும் கலந்த ஏதோ ஒன்று. பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் அசல்தானே? (திருச்சி)

இல்லை. இந்தப் பழைய காசுகளில் ஒட்டினால் போலி என்பது சரி, ஒட்டாவிட்டால் அசல் என்பது தவறு. பித்தளையும் ஈயமும் ஒட்டாது.

ஒரு பை நிறைய ஷில்லிங், ஃபுளோரின், ஆறு பென்ஸ் என்று கலந்து விற்கிறார்கள். எதில் வெள்ளி இருக்கிறது? (யாழ்ப்பாணம்)

இரண்டு ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1920க்கு முன் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி. 1947 முதல் வெள்ளியே இல்லை. முதல் உலகப்போருக்குப் பின் வெள்ளி விலை ஏறி, காசின் முகமதிப்பைத் தாண்டியதால் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டாம் போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து வெள்ளிக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு, எடை முகமதிப்போடு சேர்ந்தே ஏறுவது. ஆறு பென்ஸ் 2.83 கிராம், ஷில்லிங் 5.66, இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள ஃபுளோரின் 11.31, அரைக் கிரவுன் 14.14. ஆகவே 1920க்கு முந்தைய காசுகள் கலந்து கிடந்தாலும் இருபது ஷில்லிங் மதிப்புக்கு 113 கிராம் எடை, அதில் தூய வெள்ளி ஏறக்குறைய 104.6 கிராம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். விற்பவர் 'மொத்தமும் பழைய வெள்ளி' என்றால், முதலில் 1947க்குப் பிந்தியவற்றைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1905 அரைக் கிரவுன் வெறும் 1,66,008 மட்டுமே அடிக்கப்பட்டது. அதனால் போலிகள் நிறைய. அந்த ஆண்டைப் பையில் கண்டால் மகிழ்வதற்கு முன் எடை போடுங்கள்.

அம்மாவின் காசு மாலையில் பிரிட்டிஷ் சவரன்கள் இருக்கின்றன. தனித்தனியாக விற்றால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்களா? (தஞ்சாவூர்)

நகைக்கடையில் நாம் சொல்லும் சவரன் என்ற அளவே இந்தக் காசிலிருந்து வந்ததுதான். அசல் 7.988 கிராம், 22 காரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். நாம் எட்டு கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டோம்.

காது ஒட்டிய சவரனுக்குச் சேகரிப்பாளர் பொதுவாகத் தங்க விலைக்கு மேல் தரமாட்டார். பற்றவைத்த இடத்தில் விளிம்பு வரிகள் உருகியிருக்கும், கழற்றி மெருகேற்றினாலும் தழும்பு போகாது. தனியாக்கச் சொல்லி யாரேனும் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். மாலை மாலையாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். குதிரை உருவம் உள்ள காசுகளில், பெரும்பாலும் குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில், ஆண்டு எண்ணுக்கு மேலே, லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். 1918 காசில் 'ஐ' என்ற எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அரச நாணயச்சாலையின் பம்பாய்க் கிளை அந்த ஓர் ஆண்டு மட்டும் சுமார் 13 லட்சம் சவரன்கள் அடித்தது. நம் மண்ணில் அடித்த பிரிட்டிஷ் தங்கம் அம்மாவின் கழுத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதே ஒரு மகிழ்ச்சி.

போலி சவரன் என்றால் பித்தளை என்று நினைக்க வேண்டாம். 1950களிலும் 60களிலும் பெய்ரூட்டில் நல்ல தங்கத்திலேயே போலி அடித்தார்கள். தங்க விலைக்கும் சவரன் விலைக்கும் இருந்த வித்தியாசமே அவர்களுக்கு லாபம். தங்கமாக வாங்குபவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அரிய ஆண்டுக்கு, குறிப்பாக லண்டனில் அடித்த 1917க்கு, பெரும்பணம் கொடுப்பவர்தான் விழுவார்.

1887 அரை சவரன் ஒன்று வாங்கினேன். எடை 2.8 கிராம்தான் வருகிறது. (டொராண்டோ)

வருத்தமாக இருக்கிறது. நீங்கள் வாங்கியது தங்க முலாம் பூசிய ஆறு பென்ஸாகத்தான் இருக்கும். அரை சவரன் 3.99 கிராம் இருக்க வேண்டும். விக்டோரியாவின் பொன்விழா ஆண்டில் வந்த ஆறு பென்ஸுக்கு அரை சவரனைப் போன்றே கேடயச் சின்னம் போட்டு, மதிப்பை எழுதாமல் விட்டுவிட்டார்கள். அளவும் ஒன்றே. உடனே ஊர் முழுக்க முலாம் பூசத் தொடங்கியதால் அதே ஆண்டில் வடிவத்தை மாற்றி, இலைமாலை உருவத்துக்குள் 'சிக்ஸ் பென்ஸ்' என்று எழுத்திலேயே போட்டார்கள். 1887இல் ஒரு கடைக்காரரை ஏமாற்றிய காசே உங்களையும் ஏமாற்றியிருக்கக்கூடும். அரை சவரன் என்று எழுதிய ரசீது இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

என்னிடம் 1933 பென்னி இருக்கிறது! (சேலம்)

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டு புழக்கத்தில் போதுமான பென்னிகள் இருந்ததால், கட்டடங்களின் அடிக்கல்லில் வைப்பது போன்ற தேவைகளுக்காக விரல்விட்டு எண்ணும் அளவே அடித்தார்கள். லீட்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் அடிக்கல்லுக்கு அடியிலிருந்து 1970இல் ஒன்று திருடும் அளவுக்கு அதன்மேல் ஆசை இருந்தது. கடைசி '3' மற்ற எண்களோடு ஒரே உயரத்தில் இருக்கிறதா, அதைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு, லட்சக்கணக்கில் விலை என்கிறார்கள். (விழுப்புரம்)

கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. ராமர், அனுமன் உருவங்களோடு 'ஒரு அணா' என்று எழுதி 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு விற்பவை அத்தனையும் பிற்காலத்துக் கற்பனை. பக்தியை முதலாக வைத்து நடக்கும் வியாபாரம் இது, பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். கோயில் உருவம் போட்ட கம்பெனிக் காசு வேண்டுமென்றால், சென்னை நாணயச்சாலையில் அடித்த கால் பகோடா (கால் வராகன்) வெள்ளிக் காசைத் தேடுங்கள். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால். அது உண்மை, அழகும்கூட.

சார்லஸ், டயானா திருமணக் கிரவுன், 1981. பத்திரமாக வைத்திருக்கிறேன். (லண்டன், ஹாரோ)

நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் அடித்த செம்பு நிக்கல் காசு. 1965 சர்ச்சில் கிரவுனும் அப்படியே.

தேம்ஸ் நதிக்கரைச் சேற்றில் பழைய காசுகள் கிடைக்கும் என்கிறார்கள். நண்பர்களோடு தேடப் போகலாமா? (லண்டன், மாணவி)

அனுமதி இல்லாமல் போகாதீர்கள், தங்கையே. கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். வயல் என்றால் நில உரிமையாளரின் சம்மதம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டு விற்பவரிடம் வாங்கினாலும் சிக்கல்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறவரிடம் சுத்தியல்காலத்து (இயந்திரம் வருமுன் சுத்தியலால் அடித்த) வெள்ளிப் பென்னிகளை வாங்க வேண்டாம்.

இந்தியாவில் இருக்கும் அப்பாவின் தொகுப்பை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர நினைக்கிறேன். பிளாஸ்டிக் ஆல்பத்தில் காசுகள் பச்சையாகப் பிசுபிசுக்கின்றன. (மெல்போர்ன்)

நூறு ஆண்டைக் கடந்த காசு இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பெட்டியில் வைத்து விமானம் ஏறிவிடாதீர்கள். ஆண்டு வாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டு, பழையவற்றை ஊரிலேயே நம்பிக்கையான உறவினரிடம் விடுங்கள்.

பச்சைப் பிசுக்கு பிவிசி பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து வெளிவிட்ட பொருளால் வந்தது. இன்றே காசுகளை அந்த ஆல்பத்திலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளியையும் தங்கத்தையும் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துத் தானாக உலரவிடலாம். நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் மைலார் என்னும் பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றச் சொல்லுங்கள். அப்பா கையால் எழுதிய சீட்டுகள் ஆல்பத்தில் இருந்தால் அந்தந்தக் காசோடு சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.