சின்னப்பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி: எந்த வயசில் சோதித்தார்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே ஊசியைச் சுற்றித்தான். ரமலான் உம்ராவுக்குக் கிளம்பும் வீடுகள் இப்போதே ஏற்பாட்டில் இறங்கிவிட்டன போலும்.

என் பேத்திக்கு 14 மாசம். ரமலானில் மக்கா போகிறாள். எங்களுக்கெல்லாம் மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஊசி ஒன்று, பிள்ளைக்கு மட்டும் ரெண்டு என்கிறார் டாக்டர். காசு பார்க்கத்தானா?
– கீழக்கரையிலிருந்து ஒரு உம்மம்மா

இல்லம்மா, அவர் சொன்னது சரி. நாலு வகைக் கிருமியை (ஏ, சி, டபிள்யூ, ஒய்) தடுக்கும் மெனாக்ட்ரா ஊசியை 9 முதல் 23 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு 3 மாத இடைவெளியில் 2 டோஸ் என்றுதான் சோதித்து அனுமதி வாங்கினார்கள். 2 வயது தாண்டினால் ஒன்று போதும்.

பெரியவர்களுக்குப் பலித்தது பிள்ளைக்கும் பலிக்கும் என்று இந்த ஊசியில் சொல்லவே முடியாது. இந்தக் காய்ச்சலைத் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கு மேலே சர்க்கரைப் பசை போல ஒரு உறை உண்டு. பழைய ஊசிகளில் அந்த உறையை மட்டும் பிரித்துப் போட்டார்கள். நமக்கு வேலை செய்தது. 2 வயதுக்குக் கீழே உள்ள உடம்போ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்த ‘கான்ஜுகேட்’ ஊசி வந்தது.

அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நோய் அபூர்வம், யாருக்கு வருகிறது என்று காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். ஆகவே ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துப் பிள்ளையின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) பிரித்து, இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று நீர்த்து, உயிருள்ள கிருமியோடு சேர்க்கிறார்கள். முயல் சீரத்தைத் துணைக்குச் சேர்க்கும் முறையில், 8 மடங்கு நீர்த்த பிறகும் பாதிக் கிருமி செத்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. 100-ல் எத்தனை பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டின என்பதை வைத்துத்தான் டோஸ் எண்ணிக்கை முடிவாகிறது.

சவூதி இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1987 ஹஜ்ஜில் ஏ வகை பரவியது. 2000-ல் டபிள்யூ வகை. போய்ச் சேர 10 நாளுக்கு முன்பாவது ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். பிள்ளைக்கு 2 டோஸும் முடிய வேண்டுமென்றால் 4 மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். விசா எடுப்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சப்பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்வது பாவமில்லையா?
– மண்டபம், ஒரு தகப்பனார்

சோதிக்காமல் போடுவதுதான் பாவம். 1974-ல் பின்லாந்தில் 3 மாதம் முதல் 5 வயது வரை சுமார் 1 லட்சம் பிள்ளைகளுக்கு, பாதிப் பேருக்கு ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமி) ஊசி, பாதிப் பேருக்கு மெனிங்கோகாக்கஸ் ஏ ஊசி போட்டார்கள். யாருக்கும் வெறும் தண்ணீர் ஊசி இல்லை. இதற்கு அது ஒப்பீடு, அதற்கு இது. அந்த ஹிப் ஊசி 18 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காத்தது, அதற்குக் கீழே காக்கவில்லை. ஹிப் மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவதோ கைக்குழந்தைகளை! சின்ன வயசில் சோதித்திராவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

முதலில் பெரியவர்கள், பிறகு பள்ளிப்பிள்ளைகள், கடைசியில்தான் நடை பழகும் பிள்ளை. நம் நாட்டில் இப்படி எந்தச் சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பிள்ளையைச் சோதனையில் சேர்க்க உங்களிடம் யாராவது கையெழுத்துக் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள், பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் தருவார் என்று கேளுங்கள். பாதியில் விலகவும் உரிமை உண்டு. அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

3,000 பிள்ளைகளுக்குப் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் பாதுகாப்பு நிச்சயம்தானே?
– உச்சிப்புளி, கல்லூரி மாணவி

நிச்சயம் இல்லை. 3,000 பேரில் ஒருவருக்கும் வராத விளைவு, 1,000-ல் ஒருவருக்கு வரக்கூடியதாகவும் இருக்கலாம். புள்ளியியல் அவ்வளவுதான் உறுதி தரும். லட்சத்தில் ஒருவருக்கு வருவது, ஊசி பரவலான பிறகுதான் கண்ணில் படும். 2005-ல் அமெரிக்காவில் மெனாக்ட்ரா போட்ட சில இளவயதினருக்கு கியான்-பாரே நரம்பு நோய் வந்ததும் உடனே எச்சரித்தார்கள். பிறகு பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில் தொடர்பு தென்படவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது அந்த எச்சரிக்கைதான்.

சர்க்கார் ஊசி போட்டாலே மகனுக்குக் காய்ச்சல். முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா? அந்த ஊசி மூளைக்காய்ச்சலைத் தடுக்குமா?
– தங்கச்சிமடம்

தடுக்கும், சில வகைகளை. பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய் ஊசியில் ஹிப் இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளாவும்தான் முதலில் தொடங்கின. 2021-ல் நியூமோகாக்கல் ஊசியும் சேர்ந்தது. உம்ரா ஊசி அந்தப் பட்டியலில் இல்லை.

காய்ச்சல் வந்தபின் பாராசிட்டமால் கொடுங்கள். வருமுன் வேண்டாம், செக் நாட்டில் சோதித்து 2009-ல் வெளியிட்டதில், முன்கூட்டியே கொடுத்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே ஊறியது. 3 மணி நேரம் ஓயாத அழுகை, வலிப்பு, துவண்டு போவது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கரண்ட் போனால் ஊசிப் பெட்டியில் ஐஸ் நிறையப் போடச் சொல்லலாமா?
– பாம்பன், ஒரு மீனவர்

மீனுக்கு ஐஸ் எவ்வளவு போட்டாலும் நல்லது. ஊசிக்கு அப்படியில்லை. 2 முதல் 8 டிகிரி வரைதான்; பென்டாவேலன்ட் உறைந்தால் வீண். குப்பியில் இருக்கும் வட்டத்துக்குள் சின்னச் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். ஆனால் உறைந்ததை அது காட்டாது. நர்ஸம்மா குப்பியைக் குலுக்கிப் பார்ப்பது அதற்குத்தான்.