டிவிடி றைவும் மார்க்கர் பேனையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கழித்த இரண்டு டிவிடி றைவ்களையும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போட்டையும் வைத்து, மின்சுற்றுக்கான செப்புப் போட்டில் மார்க்கரால் கோடு கீறும் ப்ளொட்டர் (தானாய் வரையும் மெஷின்) செய்தோம். 30 மி.மீ. சதுரம் கேட்டால் ஒரு பக்கம் 27தான் வருகிறது. மை படாத செப்பை அரிக்கும் பெரிக் குளோரைட் கரைசலில் போட்டால் கோடு முழுக்கப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் அதே சதுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பத்துத் தரம் கீறவிடுங்கள். கோடுகள் விலகி விழுந்தால், படிபடியாய்ச் சுற்றும் மோட்டர் இடையில் படி தவறுகிறது. கணக்கைத் தொட வேண்டாம். தண்டில் இறுகிய பழைய கிறீசைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, வேகத்தைக் குறையுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் விழுந்து அளவு மட்டும் பிழைத்தால்தான் படிக்கணக்கு. இந்த மோட்டர்கள் பெரும்பாலும் சுற்றுக்கு 20 படி. திருகுத்தண்டு சுற்றுக்கு 3 மி.மீ. நகர்த்தும். மோட்டரை இயக்கும் ஏ4988 றைவரைப் பதினாறில் ஒரு படிக்கு வைத்தால் சுற்றுக்கு 20 × 16 = 320; 320 ÷ 3, அதாவது மில்லிமீற்றருக்கு 106.67. 27 வரும் அச்சுக்கு மட்டும் 106.67 × 30 ÷ 27 = 118.5 என்று மாற்றுங்கள். ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் இந்த எண்ணை எக்ஸ் அச்சுக்கு $100 இலும், வை அச்சுக்கு $101 இலும் மாற்றலாம். இரண்டு றைவ் இரண்டு கம்பனியென்றால் தண்டும் வேறாய் இருக்கலாம்.

மோட்டருக்கு 0.25 அம்பியர் போதும். றைவரில் கரண்டை அளக்கும் உணர்தடை 0.1 ஓம் என்றால், கரண்ட் அளவை வைக்கும் குட்டித் திருகைத் திருப்பி, அதில் 0.2 வோல்ற் வந்ததும் நிறுத்துங்கள். கரண்ட் இருக்கையில் மோட்டர் வயரைக் கழற்றினால் றைவர் போய்விடும்.

ஓட்டைக்கு முதல் காரணம் மையல்ல, செப்பில் ஒட்டிய எண்ணெய். இரும்புப் பஞ்சால் தேய்த்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாய் நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது; படலமாய்ப் பரவ வேண்டும். பிறகு விரல் படக்கூடாது. கோட்டை இரண்டு தரம் கீறுங்கள், ஆனால் முதல் கோடு நன்றாய்க் காய்ந்த பிறகு. ஈரத்தில் கீறினால் இரண்டாம் தர மையே முதல் மையைக் கரைத்து இழுத்துவிடும், பலர் கவனிக்காதது இதுதான். சேர்வோ மோட்டர் பேனையைத் தூக்க மட்டும் வேண்டும், அமுக்கக்கூடாது. வேகம் நிமிடத்துக்கு 200–300 மி.மீ. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கதவைச் சாத்திவிட்டுக் கீறுங்கள். ஈரக் கோட்டில் புழுதி ஒட்டினால் அந்த இடம் அரிபடும்.

கரைசல் ஆறியிருந்தால் செப்பு கரைய நேரமெடுக்கும், அதற்குள் மை விட்டுக்கொடுத்துவிடும். பிளாஸ்ரிக் தட்டைச் சுடுதண்ணீர்ப் பேசினுக்குள் வைத்து 40–45 பாகைக்குக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டே இருங்கள். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், கரைசல் அதைத் தின்றுவிடும்.

கேள்வி: போட்டை அரிந்தால் ஓரம் பிய்கிறது. வெட்டும் மெஷின் இல்லை.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: உடைந்த அக்சோ பிளேட்டின் நுனியைக் கிரைண்டரில் கொக்கி போலத் தீட்டுங்கள். தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும்; நீலம் பூத்தால் கூர் நிற்காது. இரும்பு அடிமட்டத்தை அமுக்கிப் பிடித்து, தள்ளாமல் இழுத்து இழுத்துக் கீறுங்கள். 1.6 மி.மீ. கண்ணாடியிழைப் போட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரில், அரை மில்லிமீற்றர் ஆழம் வரை. மேசை விளிம்பில் வைத்து அமத்தினால் நேராய் முறியும். மண்ணிறக் கடதாசிப் போட் என்றால் வெயிலில் சூடாக்கிவிட்டு முறியுங்கள். கண்ணாடியிழைத் தூள் நெஞ்சுக்குக் கூடாது: ஓரத்தை நனைத்து அரத்தால் ராவுங்கள், முகக்கவசமும் போடுங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டருக்குத் தண்ணீர் மட்டம் பார்த்து நிறுத்தும் போட் செய்கிறோம். கோடு எவ்வளவு அகலம்?
– வாசகர், மாங்குளம்

பதில்: மார்க்கர் வேலைக்கு 1 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி. நுண்ணிய ஐசிக் கால்களுக்கு ஆசைப்படாதீர்கள். மோட்டரின் கரண்டைப் போட்டுக்குள் விடவே வேண்டாம்; போட்டிலுள்ள றிலே, கொன்ராக்டர் என்ற பெரிய மின்சுவிட்சின் சுருளை மட்டும் இயக்கட்டும். 230 வோல்ற் பக்கத்துக்கும் 5 வோல்ற் பக்கத்துக்கும் நடுவே செப்பில்லாமல் குறைந்தது 6 மி.மீ. விடுங்கள்.

கேள்வி: போட் அரித்துப் பழுதான பெரிக் குளோரைட் கரைசலைக் கானில் ஊற்றலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கூடாது. கரைந்த செப்பு மீனுக்கு நஞ்சு. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் சொட்டும் போகக்கூடாது. கரைசல் கடும்பச்சையாகி, சூடாக்கியும் மந்தமாய் வேலை செய்தால்தான் முடிந்ததென்று கொள்ளுங்கள். வெளியில், மூடாத பிளாஸ்ரிக் வாளியில் இரும்பாணிகளைப் போட்டு இரண்டு நாள் விட்டால் செப்பு சிவந்த தூளாய் இறங்கும். பிறகு சலவைச் சோடாவை நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடுங்கள், ஒரேயடியாய்க் கொட்டினால் பொங்கி வழியும். அடியில் படியும் சேற்றைச் சீமெந்தில் குழைத்து இறுகவிட்டுக் குப்பையில் போடலாம்.