பாதி ஓட்டும் கார், மீதி ஓட்டும் நீங்கள்: கேள்வி பதில்

ஓட்டுநருக்கும் தானியங்கிக்கும் இடையே வண்டி கைமாறும் அந்தச் சில விநாடிகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது.

சாலைக்கிளி: தடத்தின் நடுவிலேயே போகும் வசதி என் காரில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை விட்டால் கத்துகிறது. கார்தானே ஓட்டுகிறது?

கார் ஓட்டவில்லை, உதவுகிறது. வண்டி எவ்வளவு தானாக ஓடுகிறது என்பதற்கு, வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு 0 முதல் 5 வரை நிலைகள் வகுத்திருக்கிறது. உங்களுடையது நிலை 2. அதில் ஓட்டுநர் முழுக்க முழுக்க நீங்கள்தான். நிலை 3-ல்தான் வண்டி ஓட்டுநராகிறது, அதுவும் உங்களைக் கூப்பிடும் வரைதான். நிலை 2-ல் பொறுப்பை நீங்கள் கொடுக்கவே இல்லை, அப்புறம் திரும்ப வாங்க என்ன இருக்கிறது?

கத்துவதற்கும் கணக்கு உண்டு. ஸ்டீயரிங் பற்றிய ஐ.நா. விதி 79-ன்படி, கையை எடுத்த 15 விநாடிக்குள் திரையில் எச்சரிக்கை, 30 விநாடிக்குள் சிவப்பு நிறமும் ஒலியும். அதற்கும் மசியாவிட்டால், ஒலி தொடங்கிய 30 விநாடிக்குள் அந்த வசதி தானே அணைந்துவிட வேண்டும்.

குறுக்குவழி: ஸ்டீயரிங்கில் ஒரு எடையைக் கட்டிவிட்டால் கத்தாதாமே?

வேண்டாம்.

தேர்ப்பாகன்: நிலை 3 வண்டி கூப்பிட்டால், திரும்ப வாங்கிக்கொள்ள 10 விநாடி தருகிறார்கள். போதுமா?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தடத்தில் தானாக ஓடும் நிலை 3 வண்டிகளுக்கான ஐ.நா. விதி 157, 2021-ல் நடைமுறைக்கு வந்தது. முதலில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான், 2023 முதல் 130 வரை. வண்டி கூப்பிட்டும் ஓட்டுநர் வராவிட்டால், பொதுவாகக் குறைந்தது 10 விநாடி பொறுத்து, அபாய விளக்கைப் போட்டு, வேகம் குறைத்து நிற்க வேண்டும். 130-ல் 10 விநாடி என்றால் ஏறக்குறைய 360 மீட்டர்.

சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிமுலேட்டரில், அவசரம் ஏதுமில்லாதபோது, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆட்களுக்கு 1.9 முதல் 25.7 விநாடி வரை ஆனது. சராசரியை மறந்துவிடுங்கள், அந்த இடைவெளியைப் பாருங்கள்.

அதோடு, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. கை முதலில் வரும், கண் அடுத்து வரும், புத்தி கடைசியில்தான் வரும். பின்னால் லாரி வருகிறதா, பக்கத்துத் தடம் காலியா, முன்னால் போகிறவன் ஏன் தடுமாறுகிறான் என்பதெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தானாகத் தெரிந்திருக்கும். திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். கையை எடுத்தபோது 100-ல் போன வண்டி, திரும்பப் பிடிக்கும்போது 40-ல் போனால், அதே திருப்பலுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதையும் கை மறுபடி பழக வேண்டும்.

வான்வெளி: விமானத்தில் எத்தனையோ ஆண்டுகளாக ஆட்டோபைலட் இருக்கிறது. விமானிகளால் முடிவது ஓட்டுநரால் முடியாதா?

பத்து கிலோமீட்டர் உயரத்தில் யோசிக்க நிமிடங்கள் இருக்கின்றன, பக்கத்தில் இன்னொரு விமானியும் இருக்கிறார். அப்படியும் 2009-ல் ஏர் பிரான்ஸ் 447-ல் என்ன ஆனது? வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. என்ன நடக்கிறது என்று விமானிகளுக்குப் பிடிபடவே இல்லை. நான்கு நிமிடம் சொச்சத்தில் கடல். 228 பேர்.

வான்வெளி: அது பயிற்சிக் குறை. பழகினால் சரியாகிவிடும்.

பயிற்சியும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கிருந்து பயிற்சி வரும்? சுலபமானதை எல்லாம் இயந்திரம் செய்துவிட்டு, முடியாததை மட்டும் மனிதனிடம் தள்ளினால், அவன் கை எப்போது பழகும்? உளவியலாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இந்த முரணை எழுதிவிட்டார்.

தேர்ப்பாகன்: வான்வெளி சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் இரண்டு வருடமாக உதவியோடு ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் பயம். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் கவனத்தைக் கொஞ்சம் தின்கிறது. உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட சோதனையில், கடிகாரம் போன்ற ஒன்றில் ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அரை மணிக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. சோம்பேறித்தனம் இல்லை, மூளையின் இயல்பு.

வான்வெளி: அப்படியானால் இந்த வசதியே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. நானே பயன்படுத்துகிறேன். காவல் காக்கும் வேலையை மனிதனிடம் விட்டுவிட்டு அதை ஓய்வு என்று விற்காதீர்கள் என்கிறேன். விமானத்தை இத்தோடு விடுவோம், கார் கேள்விகள் காத்திருக்கின்றன.

நிலா: நிலை 2-ல் கொஞ்சம் கண்ணயரலாமா?

முதல் பதில்.

பச்சைவிளக்கு: நிலை 2-ல் போன் பார்க்கலாமா? ஒரு நிமிடம்தான்.

முதல் பதில். இதற்கு மேல் இதே கேள்வி வந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

கணக்கன்: விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு?

விதி 157-க்கு உட்பட்ட வண்டியில் தானியங்கி எப்போது இயங்கியது, எப்போது கைமாறியது என்பது பதிவாகும். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

மழைத்துளி: என் காரில் சில சமயம் ஸ்டீயரிங் உதவி சத்தமில்லாமல் போய்விடுகிறது, வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழுதா?

நல்ல கேள்வி, இதை முன்னாலேயே யாராவது கேட்டிருக்கலாம். பழுதாக இருக்க வேண்டியதில்லை. வேகத்தைப் பார்ப்பது ஒரு வேலை, தடத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை. கோடு அழிந்திருந்தாலோ மழையில் தெரியாவிட்டாலோ இரண்டாவது மட்டும் விலகிக்கொள்ளும். திரையில் ஒரு சின்னக் குறி நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வண்டி பார்த்துக்கொள்கிறது என்று நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வண்டியும் நினைத்துக்கொண்டு வளைவுக்குள் போவீர்கள். காலியான சாலையில், மெதுவான வேகத்தில், ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: பிரேக்கைத் தொட்டால் எது எது அணைகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எது அணைகிறது, திரும்ப எது தானாக வருகிறது, எதற்குப் பொத்தானை அழுத்த வேண்டும். வண்டிக்கு வண்டி இது மாறும்.

நிலா: சோதிக்கும்போது போன் பார்க்கலாமா?

தாண்டிவிட்டேன்.